அப்பாவின் கிட்னி ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 62. விவசாயம் பார்க்கிறார். 8 வருடமாகச் சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் 2 நாள் வலி ஊசி போட்டார்கள். 3-ஆம் நாள் ஸ்கேன் எடுத்தோம். அதில் "ரைட் வி.யூ.ஜே. கால்குலஸ் 6 மி.மீ., மைல்ட் ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ், லெஃப்ட் சிம்பிள் கார்ட்டிகல் சிஸ்ட், பைலேட்டரல் கிரேடு 1 மெடிக்கல் ரீனல் டிசீஸ், புராஸ்டேட் 32 சிசி, பி.வி.ஆர். 45 மி.லி." என்று எழுதியிருக்கிறது. ரத்தத்தில் உப்பு 1.6, இ.ஜி.எஃப்.ஆர். 48. யூரினிலும் உப்பு 1+ போகிறதாம். போன வருடம் ரத்தத்தில் 1.3 இருந்தது. சொந்தக்காரர்கள் "பாதி கிட்னி போயிடுச்சு, இனி டயாலிசிஸ்தான்" என்கிறார்கள். அப்பா பயந்துபோய் பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். காலையில் வாழைத்தண்டுச் சாறு மட்டும் தவறாமல் குடிக்கிறார். நாங்கள் எந்த டாக்டரிடம் போக வேண்டும்?

– ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

டயாலிசிஸ் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். நாள்பட்ட சிறுநீரக நோயில் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு, 15-க்குக் கீழே இறங்கி, ஓயாத வாந்தி, மூச்சுத்திணறல், உடல் வீக்கம் போன்ற தொந்தரவுகளும் சேரும்போதுதான் டயாலிசிஸ் தொடங்குவோம். பலருக்கு 10-க்குக் கீழே போன பிறகுதான் அது தேவைப்படுகிறது. உங்கள் அப்பா 48-இல் இருக்கிறார். அந்த 48-கூட அவருடைய உண்மையான அளவா என்று இன்னும் உறுதியாகவில்லை. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் தாளில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, போன வாரம் வந்த கல். இன்னொன்று, சர்க்கரையாலும் பிபியாலும் பல வருடமாக மெதுவாக நடந்திருக்கக்கூடிய ஒரு மாற்றம். முதல் விஷயத்துக்கு இந்த வாரமே ஆள் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு இன்றைக்கே தீர்ப்பு எழுத முடியாது, 3 மாதம் வேண்டும். சொந்தக்காரர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் "பாதி போயிடுச்சு" என்கிறார்கள்.

சிறுநீர் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் ரிப்போர்ட்டில் முக்கால்வாசி தானாகப் புரியும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

கிட்னி இரண்டும் வயிற்றுக்குள் குடலோடு சேர்ந்து இருப்பவை அல்ல. குடலுக்கெல்லாம் பின்னால், முதுகுத் தசையை ஒட்டி, கடைசி விலா எலும்புகளின் மறைவில் இருக்கின்றன. மேலே கல்லீரல் உட்கார்ந்திருப்பதால் வலது கிட்னி இடதைவிடச் சற்று இறங்கியிருக்கும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 செ.மீ. நீளம், சுமார் 150 கிராம் எடை. இவ்வளவு சின்ன உறுப்புக்கு, இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகிறது. ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரானின் தொடக்கத்தில் கிளாமருலஸ் என்ற நுண் ரத்தக்குழாய் முடிச்சு இருக்கிறது. ரத்தம் அங்கேதான் வடிகட்டப்படுகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகிறது. அதில் 99 சதவீதத்தை அடுத்துள்ள நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. மிச்சம் ஒன்றரை லிட்டர் அளவுதான் நாம் கழிக்கும் சிறுநீர். எனக்கு இன்றும் வியப்பு தரும் கணக்கு இது.

கிளாமருலஸ்கள் எல்லாம் கிட்னியின் வெளி அடுக்கில் இருக்கின்றன. அதற்குக் கார்ட்டெக்ஸ் என்று பெயர். உள் அடுக்கு மெடுல்லா. இரண்டும் சேர்ந்த வேலை செய்யும் சதைப்பகுதியைத்தான் ரிப்போர்ட்டில் பேரன்கைமா என்று எழுதுவார்கள். சதைப்பகுதியிலிருந்து வடியும் சிறுநீர் கேலிக்ஸ் என்ற சிறு கிண்ணங்களில் சேர்ந்து, அங்கிருந்து பெல்விஸ் என்ற புனலுக்கு வருகிறது. இது இடுப்பெலும்பு பெல்விஸ் இல்லை, கிட்னிக்குள் இருக்கும் பெல்விஸ். ஸ்கேன் தாளில் பி.சி.எஸ். என்று பார்த்தால் இந்தப் புனலையும் கிண்ணங்களையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புனலிலிருந்து கிளம்புவது யூரிட்டர், அதாவது சிறுநீர் நாளம். பக்கத்துக்கு ஒன்று, 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்ளே 3 அல்லது 4 மி.மீ. அகலம்தான். இது இரண்டு பக்கமும் வந்து சிறுநீர்ப்பையில் சேர்கிறது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே போகும் ஒற்றைக் குழாய்க்கு யூரித்ரா என்று பெயர். ஆண்களுக்கு அது சுமார் 20 செ.மீ., பெண்களுக்கு 4 செ.மீ. மட்டுமே. வெளியிலிருந்து கிருமி ஏறுவதற்குத் தூரம் குறைவு என்பதால்தான் பெண்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறது. யூரிட்டரும் யூரித்ராவும் வேறு வேறு குழாய்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்பதால் பலர் டாக்டரிடம் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். "மேல் குழாயில் கல்", "கீழ்க் குழாயில் அடைப்பு" என்று சொன்னால் போதும்.

இப்போது ரிப்போர்ட்டின் முதல் வரிக்கு வருவோம். யூரிட்டர் 3 இடத்தில் குறுகும். புனலிலிருந்து கிளம்பும் இடம் ஒன்று, இடுப்பெலும்பின் விளிம்பில் பெரிய ரத்தக்குழாயைக் கடக்கும் இடம் ஒன்று, சிறுநீர்ப்பைச் சுவருக்குள் நுழையும் இடம் ஒன்று. கடைசி இடம்தான் மிகக் குறுகலானது. வி.யூ.ஜே. என்பது அந்த இடத்தின் சுருக்கப் பெயர். கால்குலஸ் என்றால் கல். ஆக, வலது கிட்னியிலிருந்து கிளம்பிய 6 மி.மீ. கல் கிட்டத்தட்ட வழி முழுக்கக் கடந்து, கடைசி வாசலில் சிக்கி நிற்கிறது. வயலில் கீழ் மடை அடைத்துக்கொண்டால் வாய்க்கால் மேல்நோக்கித் தண்ணீர் தேங்குவதை அப்பா எத்தனையோ முறை பார்த்திருப்பார். இங்கேயும் அப்படித்தான். கல்லுக்கு மேலே யூரிட்டரும் புனலும் கொஞ்சம் விரிந்திருக்கின்றன. ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ் என்ற நீளமான சொல் அதைத்தான் சொல்கிறது. மைல்ட் என்றால் விரிவு லேசானது. அடைப்பு விலகினால் இது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

வலியின் வழியையும் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். விலாவுக்குக் கீழே தொடங்கி, முன்பக்கமாக அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கியிருக்கும். கல் இந்தக் கடைசி இடத்துக்கு வந்த பிறகு அடிக்கடி சிறுநீர் முட்டுவது, போனாலும் முழுசாகப் போன மாதிரி இல்லாதது, சிறுநீர் வரும் நுனியில் எரிச்சல் ஆகியவை இருக்கும். பலர் இதை வெயில் சூடு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

6 மி.மீ. கல் தானாக வெளியேறுமா? 5 மி.மீ.-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் போய்விடும். 5-க்கு மேல் 10 வரை பாதிக்குப் பாதி வாய்ப்பு. கீழ்ப்பகுதிக்கு வந்துவிட்டது என்பது நல்ல விஷயம். இந்த இடத்துக் கல்லுக்கு டாம்சுலோசின் என்ற மாத்திரை கொடுப்பதுண்டு, அது குழாயின் தசையைத் தளர்த்தும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம் என்பதால் இரவில் படுக்கும் முன் சாப்பிடச் சொல்வோம். நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். 4 முதல் 6 வாரத்துக்குள் கல் வெளியே வரவில்லை என்றால் காத்திருப்பதில் பயனில்லை, யூரிட்டரோஸ்கோப்பி மூலம் எடுத்துவிடலாம். வயிற்றில் கத்தி வைக்காமல் கீழ்வழியாகவே குழாயை விட்டுச் செய்வது. அப்போது சிறுநீர் தடையில்லாமல் இறங்க யூரிட்டருக்குள் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தால் அதை எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதிவையுங்கள். வலி போனதும் ஸ்டென்ட் இருப்பதையே மறந்துவிட்டு, அது உள்ளேயே உப்புப் படிந்து கல்லாகி, மாதக்கணக்கில் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் அவசரம். கல் அடைத்திருக்கும்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், இரவு எத்தனை மணியானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடைபட்ட சிறுநீரில் கிருமி வளர்ந்தால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். சிறுநீர் அறவே வராமல் நின்றாலும், வாந்தி நிற்காமல் போனாலும் இதே அவசரம்தான்.

அடுத்து வருகிற சிம்பிள் கார்ட்டிகல் சிஸ்ட் என்பது கார்ட்டெக்ஸில் உள்ள தண்ணீர்க் கொப்புளம். 50 வயதைத் தாண்டியவர்களுக்குச் சாதாரணமாகக் காணப்படும். சிம்பிள் என்ற சொல் கூடவே இருப்பதால் அதை மறந்துவிடலாம். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி, 32 சிசி என்பது அந்த வயதுக்குரிய வீக்கம். பி.வி.ஆர். என்பது சிறுநீர் கழித்த பிறகும் பையில் மிஞ்சுவது. 45 மி.லி. கவலைப்படும் அளவில்லை. ஸ்கேன் சென்டரில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்க வைத்து, முட்டமுட்ட உட்கார வைத்து எடுக்கும்போது இந்த எண் கூடுதலாகவே வரும்.

மெடிக்கல் ரீனல் டிசீஸ் என்ற வரிதான் உங்கள் வீட்டின் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். டிசீஸ் என்று அச்சடித்திருந்தால் யாருக்குத்தான் பயம் வராது? ஸ்கேன் எடுக்கும் டாக்டர் கிட்னியின் கார்ட்டெக்ஸையும் பக்கத்திலுள்ள கல்லீரலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். கிட்னி கல்லீரலின் அதே நிறத்திலோ கொஞ்சம் கறுப்பாகவோ தெரிய வேண்டும். வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரிந்தால் இப்படி எழுதுவார். கிரேடு 1 என்பது அதில் மிக லேசான படி. அது ஒரு நிற ஒப்பீடு, அவ்வளவுதான். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று அந்த வரியால் சொல்ல முடியாது. எடுப்பவரின் கண்ணுக்கும் மெஷினுக்கும் ஏற்ப மாறும். கல்லீரலில் கொழுப்பு இருந்தால் ஒப்பீடே தடுமாறிவிடும். கிட்னியின் அளவைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 9 செ.மீ.-க்குக் கீழே சுருங்கியிருந்தால் பாதிப்பு பல வருடத்தது என்று எடுத்துக்கொள்வேன். உங்கள் கடிதத்தில் அளவு இல்லை, தாளில் கட்டாயம் இருக்கும், பாருங்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரை நோயில் பாதிப்பு இருந்தாலும் கிட்னி சுருங்காமல் இருப்பதுண்டு. அதனால் அளவு சரியாக இருக்கிறது என்பதோடு விட்டுவிடக் கூடாது.

நீங்கள் "உப்பு" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், லேபில் இருப்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அவை இரண்டு வேறு பொருட்கள், இரண்டுமே சமையல் உப்பு கிடையாது. ரத்தத்தில் 1.6 என்பது கிரியாட்டினின். தசையிலிருந்து தினமும் வரும் கழிவு அது, கிட்னி வெளியேற்றும். யூரினில் 1+ என்பது ஆல்புமின் என்ற புரதம். கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறக் கூடாது, ஆல்புமின் சிறுநீரில் இறங்கக் கூடாது.

கிரியாட்டினினை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. அது தசையிலிருந்து வருவதால் ஆள் எப்படி என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். 1.6 உள்ள 62 வயது ஆணுக்கு இ.ஜி.எஃப்.ஆர். 48 வருகிறது. அதே 1.6, அதே வயதுள்ள பெண்ணுக்கு வந்தால் 36 ஆகிவிடும். அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கிளாமருலஸ்கள் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகின்றன என்று மதிப்பிடுகிறோம். இ.ஜி.எஃப்.ஆர். என்பது அந்த மதிப்பீடு. 90-க்கு மேல் முதல் நிலை, 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை, 45 முதல் 59 வரை 3ஏ, 30 முதல் 44 வரை 3பி, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. முதல் இரண்டு நிலைகளில் ஆல்புமின் போவது போன்ற வேறு அடையாளமும் இருந்தால்தான் நோய் என்றே சொல்வோம்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. கிரியாட்டினின் நிலையாக இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அந்த வாரம் நிலையாக எதுவுமே இல்லை. வாந்தி, தண்ணீர் உள்ளே நிற்காதது, ஒரு பக்கம் அடைப்பு, அதற்கு மேல் 2 நாள் வலி ஊசி. டைக்ளோஃபெனாக் வகை ஊசிகள் கிட்னிக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வயசுப் பையனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சர்க்கரையும் பிபியும் உள்ள, உடம்பில் தண்ணீர் வற்றிய 62 வயதுக்காரருக்கு கிரியாட்டினின் ஏறும். எனவே 1.6-இல் எவ்வளவு தற்காலிகம் என்பது கல் விலகி, சாப்பாடு தண்ணீர் சரியான பிறகு மறுபடி பார்த்தால்தான் தெரியும்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். போன வருடத்து 1.3-ஐக் கணக்குப் போட்டால் 62 வருகிறது. 8 வருடச் சர்க்கரை இருக்கிறது. சிறுநீரில் ஆல்புமின் வேறு. கல் உரசும்போது கலக்கும் ரத்தத்தால்கூட 1+ காட்டலாம், ஆனால் சர்க்கரையால் கிளாமருலஸ் கசியத் தொடங்கியிருக்கவும் கூடும். கல் போய்ச் சில வாரம் கழித்து, காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். ஏ.சி.ஆர். என்று கேட்டால் லேபில் தெரியும். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. அதற்கு மேல் என்றால் தீவிரமாகக் கவனிக்க வேண்டும். கிரியாட்டினினை 2 வாரத்தில் ஒரு முறையும், 3 மாதம் கழித்து ஒரு முறையும் பாருங்கள். 3 மாதத்துக்குப் பிறகும் இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழேயோ ஏ.சி.ஆர். 30-க்கு மேலோ நின்றால்தான் சி.கே.டி., அதாவது நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைப்போம். அப்படியே பெயர் வைத்தாலும் கைவசம் மருந்து இருக்கிறது. டெல்மிசார்டன் வகை பிபி மாத்திரைகளும், டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகளும் கிட்னி கெடும் வேகத்தைக் குறைப்பது பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. 20 வருடம் முன்பு இந்த நிலையில் வந்தவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் இவ்வளவு இல்லை.

எந்த டாக்டர்? கல், புராஸ்டேட், குழாய் அடைப்பு போன்றவற்றை யூராலஜிஸ்ட் பார்ப்பார், அவர் அறுவை சிகிச்சை செய்பவர். வடிகட்டும் சதைப்பகுதியின் நோயையும் டயாலிசிஸையும் நெஃப்ராலஜிஸ்ட் பார்ப்பார், நான் இந்த வகை. அப்பாவுக்கு இந்த வாரம் யூராலஜிஸ்ட், கல் விவகாரம் முடிந்ததும் நெஃப்ராலஜிஸ்ட். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே பார்க்கலாம். அங்கே என்.சி.சி.டி. கே.யூ.பி. எடுக்கச் சொன்னால் தயங்க வேண்டாம். கிட்னி, யூரிட்டர், பிளாடர் மூன்றையும் பார்க்கும் சி.டி. அது. கிட்னியைத் தொந்தரவு செய்யும் சாய மருந்து அதில் ஏற்றுவதில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா பருப்பையும் முட்டையையும் இன்றைக்கே மறுபடி தொடங்கட்டும். உடல் எடை 60 கிலோ என்றால் நாளைக்குச் சுமார் 48 கிராம் புரதம் அவருக்குத் தேவை. நிறுத்தினால் தசை கரையும். தசை கரைந்தால் கிரியாட்டினின் குறைந்த மாதிரி தெரியும், அதைப் பார்த்து நாமும் ஏமாந்துபோவோம். குறைக்க வேண்டியது சமையல் உப்பு. நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். இந்துப்புக்கு மாறுவதால் லாபமில்லை, அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், கிரியாட்டினின் ஏறியிருக்கும்போது அது ஆபத்து.

வாழைத்தண்டைக் கூட்டாகவோ பொரியலாகவோ தாராளமாகச் சாப்பிடலாம். வெறும் வயிற்றில் தம்ளர் தம்ளராகச் சாறு குடிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்க்காமல் இளநீரும் வேண்டாம். சிக்கிய கல்லை அந்தச் சாறு கரைக்கும் என்பதற்கு நான் நம்பக்கூடிய ஆதாரம் இல்லை. வலி இருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் கல் தள்ளிக்கொண்டு போகாது, வலிதான் கூடும். வலி அடங்கிய பிறகு, நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். வெயிலில் நிற்கிறவர் என்பதால் வயலுக்குப் போகும் நாளில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். கால் வீக்கமோ இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் அளவை டாக்டர் சொல்லட்டும். பெயர் தெரியாத லேகியம், பஸ்பம் எதுவும் வேண்டாம். பாதரசம் கலந்த மருந்துகளால் கிளாமருலஸ் கசிந்து, உடம்பெல்லாம் வீங்கி வருகிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்த மருந்தை நிறுத்தியதும் அவர்களில் பலருக்குக் கசிவு குறைவதையும் பார்க்கிறோம்.

டாக்டரிடம் போகும்போது போன வருட ரிப்போர்ட், இப்போதைய ரிப்போர்ட், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், போட்ட ஊசியின் பெயர் எழுதிய சீட்டு இவற்றை எடுத்துப் போங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இ.ஜி.எஃப்.ஆர். 48-இல் தொடரலாம், 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைக்கலாமா என்று பார்ப்போம், 30-க்குக் கீழே என்றால் நிறுத்துவோம். வாந்தியால் சாப்பிட முடியாத நாட்களில் அதையும் பிபி மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று போனிலாவது கேட்டுக்கொள்ளுங்கள். இனி எந்த வலிக்கு எந்த கிளினிக்குக்குப் போனாலும், "எனக்குக் கிரியாட்டினின் 1.6" என்று அப்பா முதலிலேயே சொல்ல வேண்டும். அவர் சிறுநீரை ஒரு மெல்லிய துணியில் வடித்துப் பார்க்கட்டும். கல் கிடைத்தால் தூக்கிப் போட வேண்டாம், ஒரு சின்ன டப்பாவில் போட்டு யூராலஜிஸ்டிடம் கொடுங்கள். அது எந்த வகைக் கல் என்று பரிசோதித்தால்தான் அடுத்த கல் வராமல் எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.